ஆற்றங்கரைக் கூடாரமும் உழைப்பாளியின் ஓய்வும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

உழைப்பின் உயர்வைப் பற்றி நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் ஒருவராவது எழுதுகிறார். ஓய்வைப் பற்றி எழுதுவாரைக் காணோம். ஓய்வு என்றால் சோம்பல். விடுமுறைக்கு வெளியூர் போய்த் தங்குவது என்றால் வசதி படைத்தோர் செய்யும் வீண் செலவு. இப்படியே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இந்த எண்ணம் சரிதானா என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக நான் கொள்வது பிரெஞ்சு நாட்டின் ஒரு வழக்கத்தை. அந்நாட்டுக் குடும்பங்கள் கோடையில், அதாவது ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், நாட்டுப்புறத்துக்குச் செல்கின்றன. ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ கூடாரம் அடித்து, பிள்ளைகளோடு நீந்தியும் படகு வலித்தும் பத்துப் பதினைந்து நாள் தங்கித் திரும்புகின்றன.

இதைப் பற்றி விடுதியில் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் சொல்லும் விடை ஒன்றே: “அது பணக்கார நாடு, போகிறார்கள். நமக்கென்ன?” இந்த விடையை நான் ஏற்பதற்கில்லை. நூறாண்டுகளுக்கு முன்பும் பிரான்சு செல்வம் மிக்க நாடுதான். அன்றும் அங்கே பணக்காரர்கள் கடற்கரைக்கும் மலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஆலைத் தொழிலாளி தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஆற்றங்கரையில் போய்த் தங்க முடிந்ததில்லை. நாட்டில் செல்வம் இருந்தும் அவனுக்கு நான்கு பொருள்கள் இல்லாதிருந்தன. கூலியோடு கூடிய விடுப்பு வேண்டும். மலிவாகத் தங்குவதற்கு ஒரு நிலம் வேண்டும். இறங்கிக் குளிக்கத்தக்க தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரில் மூழ்கிவிடாதபடி பிள்ளைக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தொழிலாளி தன் கூலியை மிச்சம் பிடித்து இந்த நான்கையும் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. சட்டமும் ஊரும் பள்ளியும் ஆய்வுக்கூடமும் சேர்ந்தே இவற்றை அவனுக்கு ஆக்கித் தந்தன. ஆகவே ஓய்வு என்பது உரிமை. அதை ஏற்படுத்தித் தருவது ஒரு சமுதாயத்தின் கடமை. இதுவே என் கட்சி.

கூலியோடு ஓய்வு

என் அப்பா நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பது எங்கள் வீட்டில் சோறும் குழம்பும் போலப் பழகிப்போன செய்தி. பிரெஞ்சு நாட்டில் ஆண்டுக்கு இத்தனை வாரம் வேலைக்குப் போகாமலே கூலி உண்டு என்று நான் சொன்னபோது அவர் கேட்டார்: “சும்மா இருக்கிறதுக்குக் கூலியா? எந்த முதலாளிடா குடுப்பான்?”

மிகச் சரியான கேள்வி! எந்த முதலாளியும் தானாகக் கொடுக்கவில்லை என்பதே வரலாறு தரும் விடை. 1936ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் பிரான்சு முழுவதும் இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலையை விட்டு வெளியேறாமல் உள்ளேயே அமர்ந்துகொண்டார்கள். லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அப்போதுதான் பதவியேற்றிருந்தது. அந்த அரசு ஜூன் 20ஆம் நாள் ஒரு சட்டம் செய்தது. ஓராண்டு பணி செய்த தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்பது அதன் பொருள். மறுநாள் வந்த மற்றொரு சட்டம் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை என்று வரையறுத்தது.

விடுப்பு கிடைத்தது, பயணச் செலவுக்கு எங்கே போவது? அதையும் அந்த அரசு எண்ணிப் பார்த்தது. விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பான துணை அமைச்சராக லெயோ லக்ராஞ்ச் என்பவர் அமர்த்தப்பட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 35. ஆண்டு விடுப்பில் செல்லும் தொழிலாளிக்கு இரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 குறைக்கும் சீட்டை அவர் ஏற்படுத்தினார். வலதுசாரிப் பத்திரிகைகள் அவரைச் சோம்பேறித்தனத்தின் அமைச்சர் என்று எள்ளி நகையாடின. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இரயிலில் சிலரும், இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சிலருமாகப் புறப்பட்டார்கள். வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்ட தொழிலாளர் குடும்பங்கள் அந்தக் கோடையில் பல. லக்ராஞ்ச் 1940 ஜூன் மாதம் போர்முனையில் உயிர் துறந்தார். சோம்பேறித்தனத்தின் அமைச்சர் என்று பெயர் சூட்டப்பட்டவருக்கு நேர்ந்த முடிவு அது.

இரண்டு வாரம் 1956இல் மூன்று வாரமாயிற்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. அதே 1982இல் விடுமுறைக் காசோலை என்னும் திட்டமும் வந்தது. தொழிலாளி சிறிது சேமிக்க, நிறுவனம் தன் பங்கைச் சேர்க்க, கிடைக்கும் காசோலையைக் கூடாரத் திடலிலும் விடுதியிலும் கொடுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் ஐந்து வாரமாக 46 ஆண்டுகள் ஆயின என்பதை நாம் மறக்கலாகாது. உரிமைகள் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை.

அதே கோடையில் புதுவை

இங்கே நம் மண்ணைத் தொடும் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. பாரிசில் அந்தச் சட்டம் பிறந்து சரியாக நாற்பது நாள் சென்றது. 1936 ஜூலை 30ஆம் நாள். அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வ. சுப்பையா முதலியோர் வழிகாட்டப் புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளைக் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். காவல் படை அவர்களைச் சுட்டது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

பிரெஞ்சுத் தொழிலாளி கூடாரத்தைத் தோளில் சுமந்து கடற்கரைக்குப் புறப்பட்ட அதே கோடையில், அதே கொடியின் கீழ் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி கடற்கரை நகரிலேயே சுடப்பட்டு வீழ்ந்தான். எட்டு மணி நேர வேலை புதுவையில் சட்டமானது அடுத்த ஆண்டில்தான். ஓய்வு என்னும் சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு குருதி உறைந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. ஓய்வைச் சோம்பல் என்று இகழ்வோர் ஜூலை 30ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

ஊருக்குச் சொந்தமான திடல்

விடுப்புக் கிடைத்த தொழிலாளி எங்கே தங்குவான்? உணவு விடுதியில் குடும்பத்தோடு இரண்டு வாரம் தங்கினால் ஓராண்டுச் சேமிப்பும் போய்விடும். இதற்கு விடையாக வந்ததே கூடாரத் திடல். பிரெஞ்சு நாட்டில் நம் ஊராட்சியைப் போன்ற அடிப்படை அமைப்புக்குக் கொம்யூன் என்று பெயர். ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றுள் பல, ஊருக்கு வெளியே ஆற்றோரமாக ஒரு நிலத்தைக் கூடாரத் திடலாக வைத்து நடத்துகின்றன. நிலத்தைச் செடி வரிசையால் மனை மனையாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனை என்று விடுகிறார்கள். குடிநீர்க் குழாய், மின்சாரம், பொதுக் குளியலறை, பொதுக் கழிப்பறை, பாத்திரம் துலக்கும் தொட்டி வரிசை ஆகியவை உண்டு. மர நிழலில் பெத்தாங் என்னும் இரும்புக்குண்டு ஆட்டத்துக்கு ஒரு மண் தரை. புதுவையில் இன்றும் ஆடப்படும் ஆட்டம்தான் அது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பாத்திரத் தொட்டிதான். நகரத்தில் ஒருவர் மாடி வீட்டிலும் மற்றொருவர் தொழிலாளர் குடியிருப்பிலும் இருக்கலாம். திடலில் இருவர் வீடும் துணிதான். இருவரும் எண்ணெய்ச் சட்டியை ஏந்திக்கொண்டு ஒரே தொட்டிக்குத்தான் வர வேண்டும். ஒருவர் பிள்ளைக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரிந்தால் அடுத்த கூடாரத்துப் பிள்ளையும் மாலைக்குள் கற்றுக்கொண்டுவிடும். சமத்துவத்தைப் பாடநூலில் படிக்கிறோம். இங்கே அதற்குத் தண்ணீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள்.

உழவர்களும் தங்கள் நிலத்தில் ஆறு கூடாரம் வரை, இருபது பேருக்கு மேற்படாமல், ஊர் மன்றத்துக்கு அறிவித்துவிட்டு இடம் விடலாம். பால் மாடு வைத்திருக்கும் சிறு உழவனுக்கு அது ஒரு துணை வருவாய். நகரத்துப் பிள்ளைக்கோ பால் எங்கிருந்து வருகிறது என்று நேரில் காணும் வாய்ப்பு.

ஆறும் படகும்

தெற்கே அர்தேஷ் என்றொரு ஆறு ஓடுகிறது. வலோன்-போன்-தார்க் என்னும் ஊருக்கு அருகில் அந்த ஆறு சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து ஒரு வில் வளைவை உண்டாக்கியிருக்கிறது. ஏறத்தாழ 54 மீட்டர் உயரமுள்ள இயற்கைப் பாலம் அது. கால்சியம் கார்பனேட்டில் கரியமில வாயு கலந்த நீர் என்ன செய்யும் என்று முதலாண்டில் சோதனைக் குழாயில் பார்த்தோம் அல்லவா? அதே வினை பல்லாயிரம் ஆண்டு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வளைவு சான்று. அதற்கு அருகிலுள்ள ஷோவே குகையில்தான் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட விலங்கு ஓவியங்கள் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டன.

வளைவின் கீழ் புகுந்து, பாறைச் சுவர்களுக்கு நடுவே சுமார் 30 கிலோமீட்டர் தூரம் படகில் இறங்கி வருவது குடும்பங்கள் விரும்பும் பயணம். வாடகைக்குப் படகு தருவோர் துடுப்பும், மிதவைச் சட்டையும், துணிமணி நனையாதிருக்க மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாயும் தருகிறார்கள். ஆறு ஒரு பக்கமாகத்தானே ஓடும்? முடியும் இடத்திலிருந்து பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து விடுவதும் அவர்கள் வேலை. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் நீந்தத் தெரியாதவர்களுக்கும் அப்பயணத்தில் இடமில்லை.

அந்தப் பள்ளத்தாக்கு 1980 முதல் இயற்கைக் காப்பிடம். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. இரவு தங்குவதற்கென்று ‘கோ’, ‘கூர்னியே’ என்னும் இரண்டு இடங்கள் மட்டும் உண்டு. அங்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இது கெடுபிடி என்று சிலருக்குத் தோன்றலாம். கோடையில் வருகின்ற கூட்டமெல்லாம் விருப்பம் போல் அடுப்பு மூட்டினால் நான்கே ஆண்டுகளில் அங்கே பார்க்க ஒன்றும் இராது என்பது என் கருத்து. பொதுவான பொருளுக்குப் பொதுவான ஒழுங்கு வேண்டும்.

அந்த ஆறு யாருக்குச் சொந்தம்? இதற்கும் சட்டம் விடை சொல்லியிருக்கிறது. 1992 ஜனவரி 3ஆம் நாள் சட்டத்தின் முதல் விதி, நீர் நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவான சொத்து என்கிறது. கரை தனியாருடையதாக இருக்கலாம். அவர்கள் உரிமையை மீறாமலும் ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டும் இயந்திரமில்லாப் படகில் ஆற்றில் செல்லும் உரிமை எவர்க்கும் உண்டு. துடுப்புப் பிடித்த பிள்ளையின் முன்னால் வேலி போட முடியாது!

நீச்சலும் நீர்ச் சோதனையும்

எங்கள் ஊரில் நீச்சல் கற்பது எப்படி? இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி அண்ணன்மார் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். தத்தளித்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பிரான்சில் நீச்சல் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 2015இல் அதற்கு ஒரு தேர்வும் வகுக்கப்பட்டது. பின்புறமாக நீரில் விழ வேண்டும். மிதக்கும் தடையின் அடியில் முங்கிக் கடக்க வேண்டும். குப்புறவும் மல்லாந்தும் நீந்த வேண்டும். நடுவே 15 விநாடி ஒரே இடத்தில் மிதந்து நிற்க வேண்டும். வேகத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதைக் கவனியுங்கள். படகு கவிழ்ந்தால் பிள்ளை என்ன செய்யும் என்பதே தேர்வின் கேள்வி. இவ்வளவு செய்தும் ஒவ்வொரு கோடையிலும் நூற்றுக்கணக்கானோர் அந்நாட்டில் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். தண்ணீருக்கு ஏழை நாடு, பணக்கார நாடு என்ற வேற்றுமை தெரியாது. அதனால்தான் நீச்சலை விளையாட்டாகக் கருதாமல் பாடமாக வைக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது நீர். வேதியியல் மாணவன் என்ற முறையில் இதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. ஐரோப்பிய நாடுகள் குளிக்கும் நீருக்கான பொது விதிகளை 1976இல் வகுத்து, 2006இல் அவற்றைக் கடுமையாக்கின. குளிக்கும் பருவம் முழுவதும் குறித்த இடைவெளிகளில் நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். மனிதக் கழிவும் கால்நடைக் கழிவும் கலந்திருக்கிறதா என்று காட்டும் இரண்டு வகை நுண்ணுயிர்களை எண்ணுகிறார்கள்: எஷ்சரிச்சியா கோலி, குடல் என்டரோகாக்கை. ஆறு, ஏரி நீர் மிகச் சிறந்தது என்ற தரத்தைப் பெற வேண்டுமானால், நான்கு பருவச் சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிடும்போது முதல் வகை 100 மில்லிலிட்டருக்கு 500க்குள்ளும், இரண்டாம் வகை 200க்குள்ளும் அடங்க வேண்டும். நூற்றில் ஐந்து சோதனைக்குமேல் அந்த அளவு தாண்டலாகாது என்பது கணக்கின் சாரம்.

எண்ணுவது பெரிதன்று, எண்ணியதை அந்தக் கரையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதே பெரிது. பிள்ளையைக் குளிக்க அழைத்து வரும் தாய் அதைப் படித்துவிட்டு இறங்கலாம், அல்லது திரும்பிப் போகலாம். ஆய்வுக்கூடத்தின் எண் பூட்டிய அலமாரியில் கிடக்காமல் மக்கள் கண்முன் நிற்கும்போதுதான் அறிவியல் மக்களுக்கு உரியதாகிறது. ஆற்றைக் கெடுத்துவிட்டால் இனித் திருத்த முடியாது என்று கைவிடுவோருக்கும் அங்கே விடை உண்டு. பாரிசு நகரின் சேன் ஆற்றில் 1923இல் குளிக்கத் தடை வந்தது. பெரும் பொருட்செலவில் கழிவுநீரைத் தடுத்துத் தூய்மை செய்த பின், 2025 ஜூலையில் மூன்று இடங்களில் பொதுமக்கள் இறங்கிக் குளித்தார்கள். நூறாண்டுக் கேடும் திருத்த முடியாததன்று.

வெள்ளம் கற்பித்த பாடம்

எல்லாம் நன்மையே என்று எழுதினால் அது கட்டுரை ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். ஆற்றங்கரைத் திடலுக்கு ஆறே பகையாவதும் உண்டு. ஆல்ப்சு மலைப் பகுதியில் கிரான்-போர்னான் என்றோர் ஊர். 1987 ஜூலை 14ஆம் நாள், பிரெஞ்சு மக்களின் தேசியத் திருநாள். அன்று மாலை கொட்டிய பெருமழையில் போர்ன் என்னும் காட்டாறு கரை புரண்டு கூடாரத் திடலுக்குள் புகுந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். ஓய்வெடுக்க வந்த குடும்பங்கள் அவை.

இதை விதி என்று சொல்லி விட்டுவிடவில்லை. வழக்கு நடந்தது. திடலுக்கு அந்த இடத்தை அனுமதித்ததற்கும் காப்பு ஏற்பாடு போதாமைக்கும் அரசும் அந்தக் கொம்யூனும் பொறுப்பு என்று 1997இல் லியோன் மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1994இல், வெள்ள அபாயமுள்ள இடங்களில் அமைந்த திடல்களுக்குத் தனி விதி வந்துவிட்டது. வருவோர்க்கு அபாயத்தைத் தெரிவிப்பது எப்படி, எச்சரிக்கை ஒலி எது, எந்த வழியாக வெளியேறுவது என்பவற்றை எழுதிவைத்தே திடலை நடத்த வேண்டும். மக்களை ஓய்வுக்கு அழைக்கும் அரசு அவர்கள் உயிருக்கும் பொறுப்பேற்க வேண்டும். வா என்று கூப்பிட்டுவிட்டு, வெள்ளம் வந்தால் உன் பாடு என்று சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெர்தோன் ஆற்றின் குறுக்கே 1970களில் அணை கட்டியபோது உண்டானது சேந்த்-க்ருவா ஏரி. ஏறத்தாழ 2,200 எக்டேர் பரப்பு; பச்சை கலந்த நீல நீர். எண்ணெயில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு அங்கே தடை இருப்பதால் துடுப்புப் படகும் மிதிப் படகும் அமைதியாக உலவும். அதன் கரையில் பல திடல்கள். ஆனால் அந்த நீருக்கு அடியில் லெ-சால் என்னும் பழைய ஊர் கிடக்கிறது. ஊரை இடித்துவிட்டு, மக்களை மேட்டில் கட்டிய புதிய ஊருக்கு மாற்றினார்கள். ஒருவருடைய விளையாட்டு நீர் மற்றொருவருடைய பிறந்த வீட்டின்மேல் நிற்கிறது என்பதைப் படகில் செல்வோர் அறிந்திருக்க வேண்டும்.

போகாதவர்கள் யார்?

சட்டம் வந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. எல்லோரும் போகிறார்களா? இல்லை. பிரான்சில் இன்றும் பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேர் ஆண்டு விடுமுறைக்கு வெளியூர் போவதில்லை. போகாமைக்கு முதற்காரணம் பணம்தான். விடுப்பு மட்டும் தந்தால் போதாது என்பதற்கு இதுவே சான்று. அங்கே மக்கள் உதவிச் சங்கம் என்னும் தொண்டு நிறுவனம் 1979 முதல் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாளை ‘விடுமுறை மறந்துபோனவர்களின் நாள்’ என்று கொண்டாடுகிறது. எங்கும் போக முடியாத நகரத்து ஏழைப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறார்கள். ஒரு நாள் என்ன பெரிது என்று கேட்கலாம். பள்ளி திறந்ததும் ஆசிரியர் “விடுமுறையில் எங்கே போனாய்?” என்று கேட்கும்போது தலைகுனியாமல் விடை சொல்ல அந்த ஒரு நாள் போதும். அந்தக் கேள்விக்கு வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் நம்மிலும் பலர் உண்டு. அவர்களுக்கு இது விளங்கும்.

உழவனையும் எண்ணிப் பாருங்கள். மாடு ஞாயிற்றுக்கிழமையும் பால் தரும். கறக்காமல் விட முடியாது. ஆகவே விடுமுறைக்காரர்களுக்கு நிலம் விடுகின்ற உழவன் தான் மட்டும் நகர முடியாமல் இருந்தான். இதற்கும் ஒரு வழி கண்டார்கள். உழவர்களே சேர்ந்து மாற்றாள் சேவை அமைத்தார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் வந்து மாட்டையும் கொட்டகையையும் பார்த்துக்கொள்வார். உழவன் குடும்பத்தோடு சில நாள் போய் வரலாம். 2006 முதல் இந்தச் செலவுக்கு அரசு வரிச் சலுகையும் தருகிறது.

இவர்கள் எல்லோரையும் சொல்லிவிட்டுத் தாயை விட்டுவிடலாமா? ஆலைக்கு விடுமுறை உண்டு. அடுப்புக்கு விடுமுறை உண்டா? கூடாரத்திலும் ஓர் அடுப்பு இருக்கிறது. அதன் முன்னால் நாள்தோறும் தாய் ஒருத்தியே அமர்ந்தால், மற்றவர்களின் விடுமுறை அவளுக்கு இடம் மாறிய வேலைதான். அப்பா சட்டி துலக்க, மகன் தண்ணீர் சுமக்க, மகள் படகு வலிக்க, அம்மா ஆற்றில் காலை நனைத்து உட்கார்ந்திருக்கும் திடலையே நான் விடுமுறைத் திடல் என்பேன். எந்த நாட்டுச் சட்டமும் இதைச் செய்துவிட முடியாது. இது வீட்டுக்குள் பிறக்க வேண்டிய சட்டம்.

எளிமை போய்விடக் கூடாது

இன்று அந்நாட்டுத் திடல்களில் ஒரு மாற்றம் நடக்கிறது. கூடாரம் குறைந்து, சக்கரத்தின்மேல் வைத்த ஆயத்த வீடுகள் பெருகுகின்றன. ஆறு பக்கத்திலேயே இருக்க, உள்ளே நீச்சல் குளம், சறுக்கு வழி, செயற்கை அலை என்று பெரும் நிறுவனங்கள் அமைக்கின்றன. ஐந்து விண்மீன் தகுதி பெற்ற திடல்களும் உண்டு. கொம்யூன்கள் சில, நடத்தும் செலவு தாங்காமல் தம் திடலைத் தனியாருக்கு ஒப்படைக்கின்றன.

வசதியை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சறுக்கு வழி பிடிக்கத்தான் செய்யும். ஆனால் கட்டணம் ஏறினால் முதலில் விழுவது தொழிலாளியின் கூடாரம்தான். ஆற்றைப் பார்க்க வந்த பிள்ளை ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளோரின் நீரில் விளையாடிவிட்டுத் திரும்புமானால், நீரைப் பற்றி அது என்ன கற்றுக்கொண்டது? ஆற்றில் இறங்கிய பிள்ளைதான் ஆறு கெட்டால் வருந்தும். குளத்துக்குக் கட்டணம் செலுத்திய பிள்ளைக்கு ஆறு கெட்டதே தெரியாது. ஊருக்குச் சொந்தமான எளிய திடலை அந்த மக்கள் விட்டுவிடக் கூடாது என்று, அதைக் கண்ணால் காணாத நானும் விரும்புகிறேன்.

முடிவுரை

நண்பர்களே! ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு துணிக் கூடாரத்தின் பின்னால் வேலைநிறுத்தமும், சட்டமும், ஊர் மன்றமும், பள்ளியின் நீச்சல் பாடமும், ஆய்வுக்கூடத்தின் எண்ணும், நீதிமன்றத்தின் தீர்ப்பும் நிற்பதைக் கண்டோம். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் கூடாரம் சாய்ந்துவிடுகிறது. விடுப்பு இருந்து பணம் இல்லாவிட்டால் பத்தில் நால்வர் வீட்டில் இருக்கிறார்கள். இடம் இருந்து எச்சரிக்கை இல்லாவிட்டால் வெள்ளம் கொண்டுபோகிறது. ஆகவே, அவர்கள் பணக்காரர்கள், போகிறார்கள் என்ற ஒற்றை வரியில் இதை முடித்துவிடுவது அறிவுடைமை ஆகாது. அந்த நாட்டைப் போல நாமும் கூடாரம் அடிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நம் ஆறுகளும் கோடையும் வேறு. நம் மக்கள் விரும்பும் ஓய்வும் வேறாக இருக்கலாம். உழைப்பவனுக்கும் அவன் பிள்ளைக்கும் கூலி குறையாத சில நாள்கள் வேண்டும் என்பது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

நம்மில் சிலர் நாளை அலுவலகத்தில் அமர்வோம். சிலர் ஆசிரியராவோம், சிலர் நீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பணி புரிவோம். விடுப்புக் கேட்டு ஒரு தொழிலாளியின் மனு நம் மேசைக்கு வரும். சோதனைக் குழாயில் ஓர் ஆற்றின் நீர் நம் கைக்கு வரும். நீந்தத் தெரியாத நாற்பது பிள்ளைகள் நம் வகுப்பில் இருப்பார்கள். அப்போது அவற்றை வெறும் தாளாகவும் எண்ணாகவும் வருகைப் பதிவாகவும் பார்க்காமல், ஒரு குடும்பத்தின் சில நாள் மகிழ்ச்சி நம் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று பார்ப்போமாக. பட்டம் பெறுவதன் பயன்களில் அதுவும் ஒன்று என்று நான் நம்புகிறேன்.